கறவை மாட்டின் மடியும் வைரஸும்: மடிநோய்க்கு முன்னால் என்ன நடக்கிறது?

மாட்டுக்கு ஏதோ ஒரு வைரஸ் நோய் வந்துபோன கையோடு மடி வீங்கினால், "வைரஸ் மடியில் இறங்கிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நேர் எதிராக இன்னொரு கட்சி இருக்கிறது. மடிநோய் என்றால் பாக்டீரியா, பாலை லேபுக்கு அனுப்பினால் எந்தப் பாக்டீரியா என்று பெயரோடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள், இதில் வைரஸுக்கு என்ன வேலை என்று கேட்கிற கட்சி. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. குழப்பமே அந்த மீதிப் பாதியால்தான். முதல் பேச்சை நம்பினால் பாக்டீரியாவுக்குப் பார்க்க வேண்டிய வைத்தியம் தள்ளிப்போகும். இரண்டாவதை நம்பினால், ஒரே மாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

மடிநோய் என்பது மடியில் உண்டாகும் அழற்சி. அழற்சி என்றால் கிருமியோ காயமோ பட்ட இடத்தில் உடம்பு காட்டும் எதிர்வினை: வீக்கம், சூடு, சிவப்பு, வலி. பெரும்பாலான மடிநோய்க்குக் காரணம் பாக்டீரியாதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்று வழக்கமான பெயர்கள் இருக்கின்றன. ஆனால் ஈ.கோலை சாணத்தில் எப்போதும் இருக்கிற பாக்டீரியா. ஒரே கொட்டகையில், ஒரே ஈரத் தரையில் படுக்கிற எல்லா மாடுகளின் காம்பிலும் அது ஒட்டத்தான் செய்கிறது. அப்படியிருக்க ஏதோ ஒன்றிரண்டுக்கு மட்டும் ஏன் மடி வீங்குகிறது?

மழை தெருவில் உள்ள எல்லா ஓட்டு வீட்டின் மேலும்தான் பெய்கிறது, ஒழுகுவது ஓடு உடைந்த வீட்டில். வீட்டுக்குள் நிற்கிற தண்ணீரை எடுத்துச் சோதித்தால் "மழைத் தண்ணீர்" என்றுதான் முடிவு வரும், அது தப்பும் இல்லை. ஓட்டை உடைத்தது யார் என்பதை மட்டும் அந்தச் சோதனை சொல்லாது. மடி விஷயத்தில் பாக்டீரியா மழை என்றால், வைரஸ் சில சமயம் ஓட்டை உடைக்கிறது, சில சமயம் ஓடு மாற்ற வருகிற ஆளையே படுக்க வைத்துவிடுகிறது.

மடி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது?

மடி வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தனித்தனியான நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு, ஒன்றில் சுரக்கும் பால் இன்னொன்றுக்குப் போகாது. அதனால்தான் ஒரு காம்பில் மட்டும் பால் திரிந்து வரும், மற்ற மூன்றும் நன்றாக இருக்கும்.

பாக்டீரியா உள்ளே போக வேண்டும் என்றால் காம்பு நுனியில் உள்ள துவாரம்தான் வழி. அந்தத் துவாரத்துக்கு மேலே சுமார் 1 செ.மீ. நீளத்துக்கு ஒரு குறுகிய குழாய். அதைச் சுற்றி ஒரு வளையத் தசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. உட்சுவரில் கெரட்டின் படிந்திருக்கிறது, அதாவது நகத்திலும் கொம்பிலும் இருக்கிற அதே வகைப் புரதம், இங்கே மெழுகு போல. பாக்டீரியா இதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கறவையில் பாலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கறந்து முடித்ததும் இந்தத் தசை சட்டென்று மூடாது. அரை மணி நேரம், சில மாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கறந்தவுடன் மாட்டைப் படுக்க விடாமல் தீவனம் வைத்து நிற்க வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இதையும் தாண்டி உள்ளே போன பாக்டீரியாவைச் சந்திப்பது வெள்ளணுக்கள். நல்ல மடியின் பாலிலேயே மேக்ரோஃபேஜ் என்கிற பெரிய விழுங்கி அணுக்கள் கொஞ்சம் உலவிக்கொண்டிருக்கும். இவையும், பால் சுரக்கும் அறைகளின் சுவரில் உள்ள செல்களும் பாக்டீரியாவை அடையாளம் கண்டதும் சைட்டோகைன் என்ற வேதித் தூதுகளை ரத்தத்துக்குள் விடுகின்றன. தூது கிடைத்ததும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்கள், அதாவது எலும்பு மஜ்ஜையில் தினமும் ஏராளமாக உருவாகும் குறுகிய ஆயுள் வெள்ளணுக்கள், ரத்தக் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியாக நெளிந்து பாலுக்குள் இறங்குகின்றன. பாக்டீரியாவை விழுங்கிக் கொல்வது பெரும்பாலும் இவைதான்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பாலுக்குள் இறங்கிய நியூட்ரோஃபில் பாக்டீரியாவை மட்டும் விழுங்குவதில்லை, பக்கத்தில் மிதக்கிற கொழுப்புத் துளிகளையும் கேசின் புரதத்தையும் சேர்த்தே விழுங்கி வயிற்றை அடைத்துக்கொள்கிறது. ஆக, ரத்தத்தில் இருக்கும்போது காட்டுகிற வேகம் பாலுக்குள் வந்தபின் இருப்பதில்லை. வைரஸ் எதுவும் இல்லாத நல்ல மாட்டிலேயே நிலைமை இதுதான்.

பாலில் "சோமாடிக் செல்" எண்ணிக்கை என்று சொல்கிறார்களே, அது எண்ணுவது பெரும்பாலும் இந்த வெள்ளணுக்களைத்தான், பாக்டீரியாவை அல்ல. ஆரோக்கியமான மடியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்குக் கீழே இருக்கும், 2 லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையில் பாலோடு சோப்பு போன்ற கரைசலைக் கலந்து தட்டைச் சுழற்றினால் கொழகொழவென்று ஆகுமே, அந்தக் கொழகொழப்பு மாட்டின் சொந்தச் செல்கள் உடைந்து வெளிவந்த டி.என்.ஏ. தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காம்பு நுனி ஒரு தடுப்பு, உள்ளே இருக்கிற சில வெள்ளணுக்கள் தகவல் சொல்லும் ஆட்கள், ரத்தத்திலிருந்து வரும் நியூட்ரோஃபில்கள்தான் வேலையை முடிப்பவை. இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் மடி பலவீனமாகும்.

தோலில் புண் வைக்கிற வைரஸ்கள்

எளிதாகப் புரிகிற வழி இது, அதனால் சீக்கிரம் சொல்லிவிடலாம். கோமாரி நோயில் காம்பிலும் கொப்புளம் வரும். தோல் கழலை நோயில் மடியிலும் காம்பிலும் கட்டிகள் வந்து உடையும். மாட்டம்மை, அதைப் போன்ற வேறு அம்மை வகைகள், காம்பில் ஆழமான புண் வைக்கிற ஒருவகை ஹெர்பிஸ் வைரஸ், மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் என்று பட்டியல் நீளும். புண் காம்பு நுனிக்கு அருகே இருந்தால் தசை சரியாக மூடாது, புண்ணின் பொருக்கிலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் குடியேறிவிடும். அதைவிட, வலியில் மாடு உதைக்கிறது, முழுதாகக் கறக்க விடுவதில்லை. மடியில் பால் தேங்குகிறது, உள்ளே போன பாக்டீரியாவை அடித்துக்கொண்டு போக வேண்டிய பால் உள்ளேயே நிற்கிறது. புண்ணை மட்டும் கவனித்து, பால் தேங்குவதைக் கவனிக்காமல் விடுவதுதான் பொதுவாக நடக்கிற தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளணுக்களைத் தொடுகிற வைரஸ்கள்

கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற வேலை இது, அதனால்தான் இதைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள்.

முதலில் பி.வி.டி., அதாவது மாட்டு வைரஸ் கழிச்சல் நோயை உண்டாக்கும் வைரஸ். பல மாடுகளில் இது லேசான காய்ச்சலோடு வந்ததே தெரியாமல் போய்விடும். ஆனால் அந்த நாட்களில் ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்குகிறது, இருக்கிறவையும் பாக்டீரியாவைக் கொல்லும் திறனை ஓரளவு இழக்கின்றன. இது தற்காலிகம்தான். தற்காலிகம் என்பதால் அலட்சியப்படுத்தலாமா என்றால், கணக்கைப் பாருங்கள். ஒரு பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம் (மடிப் பாலில் ஈ.கோலை அந்த வேகத்தில் பெருகக் கூடியதுதான்). நியூட்ரோஃபில்கள் வந்து சேர்வது 4 மணி நேரம் தாமதமானால் ஒன்று 256 ஆகியிருக்கும், ஆயிரம் பாக்டீரியா இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். லேசாக வந்து தானே சரியாகியிருக்க வேண்டிய மடிநோய், மாட்டைப் படுக்க வைக்கிற மடிநோயாக மாறுவதற்கு இப்படிப்பட்ட சில மணி நேரத் தாமதம் போதும்.

பி.வி.டி. வைரஸ் கூட்டத்தில் எப்படி நிலைக்கிறது என்பது தனிக் கதை. சினை மாட்டுக்கு, சினையின் முதல் நான்கு மாதங்களுக்குள், இந்த வைரஸ் தொற்றினால் வயிற்றில் உள்ள கன்றின் நோய் எதிர்ப்பு அமைப்பு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். அது வைரஸைத் தன் உடம்பின் பகுதி என்றே எடுத்துக்கொண்டுவிடுகிறது. அப்படிப் பிறக்கிற கன்று எதிர்க்கவே செய்யாமல் ஆயுள் முழுக்க வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும். நிரந்தரத் தொற்றுக் கன்று என்று இதைச் சொல்வார்கள். கூட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் மற்ற மாடுகளுக்கு வைரஸ் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கலாம் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காது மடலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது பி.எல்.வி., மாட்டு ரத்தப்புற்று வைரஸ். பெயரைக் கேட்டதும் பயம் வரும், ஆனால் தொற்றிய மாடுகளில் கட்டி வருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சுமார் மூன்றில் ஒரு பங்கு மாடுகளில் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை கூடியே நிற்கும். லிம்போசைட் என்பது கிருமியை நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரிக்கவும் மற்ற அணுக்களை வழிநடத்தவும் செய்கிற வெள்ளணு வகை. மீதி மாடுகளில் வெளியே எதுவுமே தெரியாது. ஆனால் வைரஸ் பி-லிம்போசைட்டின், அதாவது எதிர்ப்பொருள் தயாரிக்கிற வகை லிம்போசைட்டின், மரபணுவுக்குள் தன் மரபணுவைச் செருகிவிடுவதால் ஆயுள் முழுக்கப் போகாது.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். லிம்போசைட் கூடியிருக்கிறது என்றால் எதிர்ப்பு சக்தி கூடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லை. கூடியவற்றில் பெரும்பாலானவை வைரஸ் புகுந்த செல்கள், எண்ணிக்கைதான் அதிகம், செய்கிற வேலை குறைவு. அப்புறம், நீண்டகாலத் தொற்றில் டி-லிம்போசைட்டுகள், அதாவது மற்ற அணுக்களை முடுக்கிவிடுகிறவை, களைத்துப்போய்ச் சரியாக வேலை செய்யாத நிலைக்கு வந்துவிடுகின்றன. பி.எல்.வி. தொற்றிய மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டபோது எதிர்ப்பொருள் எதிர்பார்த்த அளவு உருவாகவில்லை என்று சில ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ரத்தத்தின் நியூட்ரோஃபில்கள் பாக்டீரியாவை விழுங்குவதிலும் குறை தெரிந்திருக்கிறது. பால் சுரக்கும் செல்களுக்குள்ளேயும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் நேரம் என்று ஒன்று இருக்கிறது. கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் எந்த மாட்டுக்குமே எதிர்ப்பு சக்தி தாழ்ந்திருக்கும், தின்கிற தீவனம் பாலுக்கும் உடம்புக்கும் சேர்த்துப் போதாத காலம் அது. மூக்கு, மூச்சுக் குழாயைத் தாக்கும் ஐ.பி.ஆர். நோயின் ஹெர்பிஸ் வைரஸ் போன்றவை நரம்புக்குள் பதுங்கியிருந்து இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் மறுபடி தலைகாட்டும். மாடு ஏற்கெனவே இறங்கியிருக்கிற நேரத்தில் வைரஸ் இன்னும் ஒரு படி இறக்கிவிடுகிறது.

மறுபடி சுருக்கமாக: பி.வி.டி. கொஞ்ச நாளைக்கு வெள்ளணுக்களைக் குறைக்கிறது, பி.எல்.வி. வெகுநாளைக்கு அவற்றின் போக்கையே மாற்றுகிறது. இரண்டுமே பெரும்பாலும் நேரடியாக மடிநோயை உண்டாக்குவதில்லை. வருகிற பாக்டீரியாவைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கின்றன.

வைரஸ் நேரடியாக மடியைத் தாக்குவதே இல்லையா?

தாக்கும். வைரஸை மடிக்குள்ளேயே செலுத்திப் பார்த்த சோதனைகளில் ஐ.பி.ஆர். வைரஸ் கண்ணுக்குத் தெரிகிற மடிநோயை உண்டாக்கியிருக்கிறது. மாட்டு ஹெர்பிஸ் வகை 4 வெளியே தெரியாத, செல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுகிற அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் சோதனையில் நடந்தது கொட்டகையிலும் அடிக்கடி நடக்கிறது என்று ஆகிவிடாது.

கொட்டகையிலேயே நடந்ததற்குப் பெரிய உதாரணம் 2024-ல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சஸ் மாநிலங்களில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் இருப்பது உறுதியானது. மாடுகள் தீவனம் குறைத்தன, பால் சட்டென்று இறங்கியது, வந்த பாலும் சீம்பால் போல மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. வைரஸ் மூக்குச் சளியைவிடப் பாலில்தான் மிக அதிகம். காரணம் பின்னர் தெரிந்தது: இன்ஃப்ளுயன்சா வைரஸ் ஒரு செல்லுக்குள் போக அதன் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மடியில் பால் சுரக்கும் செல்களில் பறவை வைரஸுக்குப் பொருந்துகிற வகை நிறையவே இருக்கிறது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், மனித இன்ஃப்ளுயன்சா வைரஸ் மாட்டு மடிக்குள் பெருகும் என்பதைக் கனடாவில் 1950-களிலேயே சோதித்துப் பார்த்திருந்தார்கள், பிறகு அதை யாரும் பெரிதாக நினைவில் வைக்கவில்லை.

இங்கே அழிவது பால் சுரக்கும் செல்லே. பல மாடுகள் சில வாரங்களில் தேறின, ஆனால் எல்லாவற்றிலும் பால் பழைய அளவுக்கு வரவில்லை. மாட்டுக்கு மாடு பரவியதில் கறவை இயந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதும் தெரியவந்தது. பாஸ்டுரைஸ் செய்தால் இந்த வைரஸ் செயலிழந்துவிடும். பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்துப்போயின.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

"பி.எல்.வி. உள்ள மாட்டுக்கு மடிநோய் அதிகம்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே நம்ப வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். இந்த விஷயத்தில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. முக்கியக் காரணங்களில் ஒன்று வயது. வயதான மாட்டுக்கு வைரஸ் தொற்ற அதிக வருடங்கள் கிடைத்திருக்கின்றன. காம்பு நுனி தேய்ந்து, மடிநோயும் ஏற்கெனவே பலமுறை வந்துபோயிருக்கும். வயதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டால் வயதின் குற்றம் வைரஸின் தலையில் விழும். இன்னொன்று, ரத்தப் பரிசோதனையில் "பாசிட்டிவ்" என்று வருகிற எல்லா மாடும் ஒன்றல்ல. உடம்பில் வைரஸ் சுமை அதிகமுள்ள மாடுகளில்தான் மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன, மீதியையும் அதே கூட்டத்தில் சேர்த்துச் சராசரி பார்த்தால் வித்தியாசம் கரைந்துபோகும்.

சோமாடிக் செல் எண்ணிக்கையிலும் இப்படி ஒரு பொறி உண்டு. அது எதிர்வினையைத்தான் எண்ணுகிறது. எதிர்வினையே மந்தமாக இருந்தால் எண்ணிக்கையும் தாமதமாகத்தான் ஏறும். எண் குறைவாக இருப்பது பெரும்பாலும் நல்ல செய்திதான், ஆனால் வைரஸ் காய்ச்சல் வந்துபோன வாரத்தில் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது, முதல் பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரி, கட்டி, நீர்த்தன்மை இருக்கிறதா என்று பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது.

நடைமுறையில் என்ன மாறும்?

ஒரு காம்பில் ஒருமுறை மடிநோய் வந்து, மருந்துக்குக் கேட்டுச் சரியானால் வைரஸைத் தேடி அலைய வேண்டாம். தேட வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு: கறவைச் சுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் கூட்டத்தில் மடிநோய் திடீரென்று கூடுவது, அதோடு சினை கலைவது, கன்றுகள் நோஞ்சானாகப் பிறப்பது, தடுப்பூசி போட்டும் நோய் வருவது. இவை சேர்ந்து வந்தால் பி.வி.டி., பி.எல்.வி. பரிசோதனை செய்யலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

கோமாரி, பி.வி.டி., ஐ.பி.ஆர். மூன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது. பி.எல்.வி.க்கு வழக்கத்தில் உள்ள தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை, ஆனால் அது முக்கியமாக ரத்தத்தின் வழியே பரவுவதால் தடுப்பது சாத்தியம். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. கொம்பு நீக்கும் கருவி, காதில் அடையாளம் போடும் கருவி ஆகியவற்றை ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் கழுவிக் கிருமி நீக்குவது. சினை பார்க்கும் நீளக் கையுறையை மாட்டுக்கு மாடு மாற்றுவது. கடிக்கும் ஈக்களைக் கட்டுப்படுத்துவது. பாதித்த மாடுகளைப் பரிசோதித்து ஒதுக்கியே ஐரோப்பாவில் பல நாடுகள் இதை ஒழித்துவிட்டன.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அதற்காக வைரஸுக்குப் பின்னால் வருகிற மடிநோய்க்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று ஆகிவிடாது. அங்கே உள்ளே இருப்பது பாக்டீரியா என்றால் மருந்தும் அதற்குத்தான். பால் கல்ச்சரில், அதாவது பாலில் உள்ள பாக்டீரியாவை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்தால் "அப்போ வைரஸ்தான்" என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. மடிநோய் வந்த மாட்டின் பாலிலேயே கணிசமான மாதிரிகளில் எதுவும் வளராது, பல சமயம் மாடே பாக்டீரியாவைக் கொன்று முடித்திருக்கும், அழற்சி மட்டும் மிச்சம் இருக்கும். நான்கு காம்பிலும் ஒரே நேரத்தில் பால் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, பல மாடுகளில் அது ஒன்றாகத் தொடங்கி, கல்ச்சரிலும் ஒன்றும் வராமல் போனால் மட்டும் விஷயம் வேறு. அந்தப் பாலைத் தனியாக வைத்து, கன்றுக்கோ பூனைக்கோ ஊற்றாமல், அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.